பாக்ஸர்ஸ் அண்ட் செயின்ட்ஸ்: மலையேறாத சாமி

பாக்ஸர்ஸ் அண்ட் செயின்ட்ஸ் (2013) அமெரிக்கச் சீன எழுத்தாளரும் ஓவியருமான ஜீன் லுவென் யாங் எழுதி வரைந்த வரலாற்றுச் சித்திர நாவல். 1899 முதல் 1901 வரை வடசீனாவில் நடந்த பாக்ஸர் கிளர்ச்சியைக் களமாகக் கொண்டது. 'பாக்ஸர்ஸ்', 'செயின்ட்ஸ்' என இரண்டு தொகுதிகளாக ஃபர்ஸ்ட் செகண்ட் பதிப்பகத்தால் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டது. முதல் தொகுதி கிளர்ச்சியாளன் ஒருவனின் கதை. இரண்டாவது, கிறித்தவத்தைத் தழுவிய சீனப் பெண் ஒருத்தியின் கதை.

இக்கட்டுரை அந்நாவலைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வரலாற்றோடும் கலைகளோடும் சேர்த்து வாசிக்கிறது. பழைய தென்னார்க்காட்டு வாசகருக்கு இந்த நாவலில் வரும் சீனக் கிராமம் முற்றிலும் அந்நியமானதல்ல. கூத்து மேடையின் தெய்வம் மனித உடலில் இறங்குவது, வயிற்றுப்பசிக்கும் ஞானஸ்நானத்துக்கும் உள்ள உறவு, கொல்லப்பட்டவர் புனிதராவது, வெள்ளையருக்காகச் சண்டையிட்ட உள்ளூர்ச் சிப்பாய் ஆகிய நான்கும் இங்கும் உள்ளவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போது நாவலின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரிகின்றன.

பின்னணி

2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சீனாவில் உயிர்நீத்த 120 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களில் 87 பேர் சீனர், 33 பேர் அயல்நாட்டு மறைப்பணியாளர். பலர் பாக்ஸர் கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர்கள். அக்டோபர் 1 மக்கள் சீனக் குடியரசின் தேசிய நாள். சீன அரசு கடும் எதிர்ப்பைத் தெரிவித்தது. அதன் பார்வையில் அந்த 120 பேரில் பலர் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள். பாக்ஸர்களோ அயலாரை எதிர்த்த நாட்டுப்பற்றாளர்கள். கலிஃபோர்னியாவில் சீனக் கத்தோலிக்கச் சமூகத்தில் வளர்ந்த யாங் இந்தச் சச்சரவின் வழியாகவே பாக்ஸர் வரலாற்றுக்குள் நுழைந்தார். இரு தரப்பில் எவருடைய கதையையும் விடமுடியாமல் போனதால் நூல் இரண்டாயிற்று.

கிளர்ச்சி எழுந்த ஷான்டோங் பகுதி அப்போது மும்முனைத் துன்பத்தில் இருந்தது. 1897இல் இரண்டு ஜெர்மானிய மறைப்பணியாளர்கள் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி ஜெர்மனி ஜியாவ்சோ விரிகுடாவைப் பிடித்தது. 1898இல் மஞ்சள் ஆறு கரையுடைத்தது. அடுத்து வறட்சி வந்தது. வழக்குகளில் பாதிரிமார் தலையிட்டு மதம் மாறியவர் பக்கம் தீர்ப்பைத் திருப்பினர் என்ற கசப்பும் ஊர்களில் இருந்தது. வேலையற்ற விவசாய இளைஞர்கள் குத்துச்சண்டைப் பயிற்சிக் குழுக்களில் சேர்ந்தனர். தெய்வம் உடலில் இறங்கினால் குண்டு துளைக்காது என நம்பினர். 1900 ஜூனில் பீகிங்கின் அயல்நாட்டுத் தூதரகப் பகுதி முற்றுகையிடப்பட்டது. 55 நாட்களுக்குப் பின், ஆகஸ்ட் 14 அன்று எட்டு நாட்டுப் படைகள் நகருக்குள் புகுந்தன. 1901இல் சீனாவின் தலையில் 45 கோடி டேல் வெள்ளி இழப்பீடு ஏற்றப்பட்டது.

கதை

முதல் தொகுதியின் நாயகன் சின்ன பாவ், மூன்று சகோதரர்களில் இளையவன். வசந்தகாலச் சந்தையில் ஊருக்கு வரும் இசைநாடகம்தான் அவன் உலகம். வயலில் தனியாக இருக்கும்போதும் நாடகத் தெய்வங்களோடு பேசிக்கொண்டிருப்பான். ஒருநாள் பாதிரியார் பே ஊரின் மண் தெய்வமான து தி கோங்கின் சிலையை உடைக்கிறார். நியாயம் கேட்கப் போன பாவின் தந்தை அடிபட்டு, ஒடுங்கிய மனிதராகத் திரும்புகிறார். பின்னர் செவ்விளக்கு சூ என்பவரிடம் பாவின் சகோதரர்களும் ஊர் இளைஞர்களும் சண்டை கற்கின்றனர். (1899இல் கொல்லப்பட்ட சூ ஹோங்தெங் என்ற உண்மையான தலைவரின் சாயல் அவரிடம் உண்டு.) சூ தலை வெட்டப்பட்டபின் பாவ் மலையில் ஒரு கிழவரிடம் தெய்வத்தை வரவழைக்கும் சடங்கைக் கற்கிறான். அவன் மேல் இறங்குவது சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங். குழு வளர்கிறது, பீகிங்கை நோக்கி நடக்கிறது. வழியில் தேவாலயம் ஒன்றில் பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே வைத்து எரிக்கிறது.

இரண்டாம் தொகுதியின் நாயகி நாலாம் பெண். முன்னால் பிறந்த மூவரும் இறந்துவிட்டனர். சீனமொழியில் நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலி. தாத்தா அவளுக்குப் பெயர் வைக்கவே மறுக்கிறார். எண்ணையே பெயராகச் சுமந்து வளரும் அவள், கிறித்தவரான ஒரு மருத்துவரின் வீட்டில் பைபிள் கதை கேட்கப் போகிறாள். போவது அங்கே தரும் பிஸ்கட்டுக்காக. பிறகு ஜோன் ஆஃப் ஆர்க் அவளுக்குக் காட்சி தருகிறாள். ஞானஸ்நானம் பெற்று விபியானா என்ற பெயரை அடைகிறாள். பாவின் வாளில் முடிகிறாள். சிறுவயதில் பாவ் அவளை ஒருமுறை பார்த்திருக்கிறான், நாடகத்தில் வரும் முகம் போல இருக்கிறதே என்று வியந்திருக்கிறான். அந்த ஒரு சட்டகம் இரு தொகுதிகளிலும் வருகிறது.

சாமி வருதல்

பாக்ஸர் வரலாற்றை எழுதியவர்களில் ஜோசப் எஷரிக்கின் 'பாக்ஸர் எழுச்சியின் தோற்றுவாய்கள்' (1987) முக்கியமான நூல். ஷான்டோங் கிராமங்களில் இசைநாடகத்துக்கும் சாமியாட்டத்துக்கும் இருந்த உறவை அது விரித்துக் காட்டுகிறது. பாக்ஸர்கள் அழைத்த தெய்வங்கள் பெரும்பாலும் நாடக மேடையின் நாயகர்கள். குவான் யூ, சாங் ஃபெய், குரங்கரசன் சுன் வுகோங் போன்றோர் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு மேடை வழியாகவே அறிமுகமானவர்கள். யாங் இதை நன்கு உள்வாங்கியிருக்கிறார். மண்ணிறமும் சாம்பல் நிறமுமான பக்கங்களில் இளைஞர்கள் மேல் தெய்வம் இறங்கியதும் பக்கம் முழுக்க நிறம் வெடிக்கிறது. லார்க் பியென் தீட்டிய வண்ணங்கள் இந்த இடங்களில்தான் முழு வீச்சில் வேலை செய்கின்றன. முகவர்ணமும் தலைக்கவசக் கொடிகளுமாக அவர்கள் நிற்கும்போது, இவர்கள் ஏன் துப்பாக்கிக்கு அஞ்சவில்லை என்பது எந்த விளக்கமும் இல்லாமல் புரிகிறது.

கடலூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பார்த்த வாசகருக்கு இது இன்னும் விரைவில் புரியும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இறுதியில் தீமிதி என நாட்கணக்கில் நடக்கும் விழா அது. அரிதாரமும் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி அடவு வைத்துத் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் துரியோதனனும் துச்சாதனனும் ஊருக்குத் தெரிந்த மனிதர்கள்தாம். ஆனால் துகிலுரியும் கட்டத்தில் நடிகருக்கே ஆவேசம் வந்து அவரைப் பலர் பிடித்து நிறுத்துவதும், பார்வையாளரில் சிலர் மருள் வந்து ஆடுவதும் வழக்கம். நடிப்புக்கும் சாமி வருதலுக்கும் இடையே இங்கே சுவர் கிடையாது. பாவின் கிராமத்திலும் கிடையாது.

வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. தென்னார்க்காட்டில் சாமி வந்தால் அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். பூசாரி இருப்பார். யார் வந்திருப்பது, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். குறை சொன்னால் வாக்குக் கொடுப்பார்கள். பிறகு கற்பூரம் காட்டி, திருநீறு இட்டு மலையேறச் சொல்வார்கள். மலையேறுதல் என்ற சொல்லே முக்கியமானது. வந்த சாமி போக வேண்டும். போனபிறகு அந்த மனிதர் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், மறுநாள் களை பறிக்கப் போவார்.

பாவின் மேல் வந்த சின் ஷி ஹுவாங் மலையேறுவதில்லை. சடங்கு முடிந்த பிறகும் கனவில் வருகிறார், கட்டளையிடுகிறார், இரக்கப்பட்டால் ஏளனம் செய்கிறார். தேவாலயத்துக்குத் தீ வைக்கலாமா என்று பாவ் தயங்கும் கட்டத்தில் கரிய உருவமாக அருகே நிற்கிறார். அவரைப் பார்த்து யார் நீ, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க அங்கே ஒரு பூசாரி இல்லை. சடங்கைச் சொல்லித்தந்த கிழவர் மலையிலேயே நின்றுவிட்டார். இந்த நாவலின் மையம் இதுதான். கிளர்ச்சியின் நியாயத்தை யாங் ஓரிடத்திலும் மறுக்கவில்லை. உடைந்த சிலையும் ஒடுங்கிய தந்தையும் போதுமான காரணங்கள். ஆனால் கோபத்தைக் கூட்டி வருவதற்குச் சடங்கு வைத்திருந்த இயக்கத்திடம் அதை இறக்கி வைக்கச் சடங்கு இல்லை.

அந்தக் கரிய பேரரசர் யாங்கின் சொந்தத் தேர்வு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். நாடக மேடையின் நாயகர்களில் பலர் வீரத்துக்கும் விசுவாசத்துக்கும் பேர்பெற்றவர்கள். சின் ஷி ஹுவாங்கோ சீனாவை ஒன்றாக்கியவர், நூல்களை எரித்தவர். ஒன்றுபட்ட நாடு என்ற கனவோடு எது சேர்ந்து வரும் என்பதைச் சொல்ல யாங்குக்கு அவர் தேவைப்பட்டிருக்கிறார். வரலாற்று உண்மையைச் சற்று வளைத்துக் கதையின் உண்மையை அடையும் இடம் இது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சொல்ல வேண்டியது உருவத்தில். தெய்வம் இறங்கிய பாக்ஸர்களை யாங் வரையும் விதம் அமெரிக்க அதிநாயகக் காமிக்ஸின் உருமாற்றத்தைப் பின்பற்றுகிறது. சாதாரணச் சிறுவன் ஒருவன் ஒரே கணத்தில் வண்ண உடை தரித்த வீரனாகிறான். இதனால் ஊரார் ஏறக்குறைய மறைந்துபோகின்றனர். சாமியாட்டத்தில் ஆடுபவரைவிடச் சுற்றி நிற்பவர்களின் முகம் முக்கியம். நம்புகிறவர், பயப்படுகிறவர், பாசாங்கோ என்று ஐயப்படுகிறவர், வாய்க்குள் சிரிக்கிற சிறுவர் எல்லாரும் அங்கே உண்டு. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வான். பாக்ஸர் படையில் அப்படி ஒருவன் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி படிக்கும்போது எழுகிறது. மெய்-வென் என்ற பெண் மட்டும் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்புகிறாள். பெண்களை ஒதுக்கும் குழு விதிகளை எதிர்த்து அவள் பெண்கள் படையைக் கட்டுகிறாள். கொலைகளில் அவளுக்குள்ள தயக்கம் பாவின் தயக்கத்தைவிட உறுதியானது.

படுகளம்

பதினெட்டாம் நாள் போரில் துரியோதனன் வீழ்வதை நடித்துக்காட்டத் திரௌபதி அம்மன் விழாவில் மண்ணால் மிகப்பெரிய துரியோதனன் உருவம் செய்து கிடத்துவார்கள். பீமன் வேடமிட்டவர் அதன் தொடையில் அடிப்பார். அதற்குப் பிறகு அவன் மனைவி பெருந்திருவாள் வேடம் வந்து ஒப்பாரி வைக்கும். கூடியிருக்கும் பெண்கள் சிலர் உண்மையாகவே அழுவார்கள். விழா முழுக்கத் திரௌபதியின் சபதத்துக்காகக் காத்திருந்த அதே கூட்டம், சபதம் நிறைவேறிய நாளில் எதிரியின் பிணத்தருகே அழுகிறது.

யாங் இரண்டு தொகுதி எழுதிச் சாதிப்பது ஏறக்குறைய இதைத்தான். முதல் தொகுதியில் விபியானா சில பக்கங்களில் வந்து கொல்லப்படும் ஒரு துணைப்பாத்திரம். 'இரண்டாம் பேய்கள்' என்று பாக்ஸர்கள் வெறுத்த சீனக் கிறித்தவர்களில் ஒருத்தி. அடுத்த தொகுதியைத் திறந்தால் அவளுக்குத் தாத்தா இருக்கிறார், வலி இருக்கிறது, கோணங்கி முகம் காட்டி ஊரைப் பயமுறுத்தும் குறும்பு இருக்கிறது. வாசகர் தாம் கடந்து வந்த ஒரு பிணத்திடம் திரும்பிப்போக வேண்டியிருக்கிறது.

பிஸ்கட்டும் ஞானஸ்நானமும்

'செயின்ட்ஸ்' அளவில் முதல் தொகுதியின் பாதிதான். நிறமும் மங்கலான பழுப்பு மட்டுமே. ஜோன் தோன்றும் இடங்களில் மட்டும் பொன்னிறம் மின்னுகிறது. விபியானாவுக்குச் சந்தை நாடகம் தரும் வண்ணங்கள் கிடைப்பதில்லை. அவளுடைய கற்பனைக்கு ஒரே ஒரு நிறம்தான், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தது. மதமாற்றத்தைப் பற்றி எழுதிய சித்திரக் கதைகளில் இவ்வளவு சிக்கனமாக இதைச் சொன்னது அரிது.

அவள் பிஸ்கட்டுக்காகப் போனாள் என்பதை யாங் மறைக்கவில்லை. சீனாவில் இத்தகையோரை 'சோற்றுக் கிறித்தவர்' என்ற ஏளனச் சொல்லால் அழைத்தனர். இந்தியாவிலும் அந்தச் சொல் புழங்கியது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது தமிழகத்தில் ஞானஸ்நானம் பெற்றோர் எண்ணிக்கை பெருகியதும், அவர்கள் வந்தது விசுவாசத்துக்கா கஞ்சிக்கா என்று பாதிரிமார்களுக்குள்ளேயே விவாதம் நடந்ததும் வரலாறு. கடலூரின் கிறித்தவம் அதற்கும் முந்தையது. ஜான் சக்கரியா கீர்நாண்டர் 1740 முதல் கடலூரில் சீர்திருத்தத் திருச்சபைப் பணி செய்தார். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனார். கத்தோலிக்கர் பக்கம், 1776க்குப் பின் புதுச்சேரி வட்டாரப் பணியை ஏற்றது பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணி சபை. அதே சபையின் குருக்கள் சீனாவிலும் பணியாற்றினர். 2000இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட 120 பேரில் அவர்களும் உண்டு. இன்று புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம் என்று பெயர்கொண்ட அமைப்பின் வேர் அது.

பிஸ்கட்டுக்கு வந்தவளிடம் பிறகு எப்படி விசுவாசம் முளைத்தது என்பதை யாங் படிப்படியாகக் காட்டுகிறார். வீட்டில் பெயரில்லாதவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. தேர்ந்துகொள்ள ஒரு பட்டியல் தரப்பட்டது, அவளே தேர்ந்தாள். பேய் என்று தாத்தா சொன்னதால் பேயாகவே ஆகிவிடலாம் என்று நினைத்தவள், அந்தப் பேய்களின் மதம் எது என்று தேடிப்போகும் பகுதி நகைச்சுவையாகத் தொடங்கி நெஞ்சை அடைக்கிறது. சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஏன் மதம் மாறினார்கள் என்று ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கலாம். பசி, மரியாதை, நம்பிக்கை ஆகியவற்றைத் தனித்தனியே எடை போட முடியாது என்பதை இவை காட்டுகின்றன.

ஒரு சின்ன விவரம். விபியானாவுக்கு 1900இல் காட்சி தரும் ஜோன், அப்போது திருச்சபையின் கணக்கில் புனிதரே இல்லை. 1431இல் திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பின் பேரில் எரிக்கப்பட்டவளைத் திருச்சபை புனிதராக்கியது 1920இல்.

ஒரு தீ, இரண்டு கதை

ஜோனின் தீயைப் பற்றிப் பேசும்போது சிதம்பரத்தைத் தவிர்க்க முடியாது. ஆதனூர்ப் புலையரான திருநாளைப்போவார், அதாவது நந்தனார், தில்லைக் கூத்தனைக் காண விரும்பியதையும், இறைவன் ஆணைப்படி தில்லைவாழ் அந்தணர் வளர்த்த தீயில் புகுந்து பூணூல் அணிந்த முனிவராக எழுந்து அம்பலத்தில் மறைந்ததையும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரம்' இயற்றியபோது கொடுமைக்காரப் பண்ணையார் ஒருவர் கதைக்குள் வந்தார். 20ஆம் நூற்றாண்டில் இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் அந்தத் தீ சூழ்ச்சியாகவும் கொலையாகவும் ஆயிற்று. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி நிலையம் நடத்தினார். நந்தனாரை முன்னோடியாகக் கொண்டார், அவர் தீயில் புகுந்த கோயிலூரில் பள்ளிக்கூடம் கட்டினார்.

ஒரே தீயை அருள் என்றும் கொலை என்றும் இரு பெயரிட்டு அழைக்கும் மரபு இது. ஆனால் தமிழில் அந்த இரண்டு கதைகளுக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் இருக்கின்றன. வாசகர்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை நிந்திப்பதோடு நிற்கின்றனர். விபியானாவின் சாவை வத்திக்கானின் பார்வை மறைசாட்சியம் என்கிறது, பெய்ஜிங்கின் பார்வை துரோகியின் முடிவு என்கிறது. யாங் இரு அட்டைகளை அருகருகே வைத்தால் பாவின் பாதி முகமும் விபியானாவின் பாதி முகமும் சேர்ந்து ஒரு முகம் ஆகும்படி நூலை வடிவமைத்தார். இந்த அட்டை ஓர் அலங்காரமாகத் தோன்றலாம். உண்மையில் நூலின் வாதமே அதில் இருக்கிறது.

அதே காரணத்தால் முடிவு ஏமாற்றமளிக்கிறது. முதல் தொகுதியில் கருணைத் தெய்வமான குவான் யின்னின் கதை வருகிறது. தன்னைக் கொல்ல நினைத்த தந்தைக்கு மருந்தாகத் தன் கண்களையும் கைகளையும் தந்த இளவரசி அவள். ஆயிரம் கைகளும் ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண்ணுமாக அவள் உருவம் அமைகிறது. இரண்டாம் தொகுதியில் விபியானா காணும் இயேசுவின் உள்ளங்கைக் காயத்திலும் கண் இருக்கிறது. இரு மதங்களும் கருணையில் ஒன்று என்பது செய்தி. படமாக அது அழகு. ஆனால் முந்நூறு பக்கங்களுக்கு மேல் நிலம், பஞ்சம், துப்பாக்கி, அவமானம் என்று கதை கட்டிய பிறகு, ஓர் ஓவிய ஒப்புமை அத்தனையையும் தீர்த்துவைக்க முடியாது. பாதிரியார் பே உடைத்த து தி கோங்கின் கணக்கு தீரவில்லை. அந்தச் சிறிய மண் தெய்வத்துக்கு நாவலின் இறுதியில் இடமே இல்லை. எல்லைச்சாமியின் மண்குதிரை உடைந்தால் ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை அறிந்தவருக்கு இது பெரிய விடுபாடாகவே தெரியும்.

எரிந்த நூலகம்

பீகிங் முற்றுகையின்போது 1900 ஜூன் 23 அன்று ஹான்லின் கழகம் எரிந்தது. யோங்லே கலைக்களஞ்சியத்தின் கையெழுத்துப் பிரதிகளில் எஞ்சியிருந்தவற்றில் பல அங்கே அழிந்தன. தீ வைத்தது யார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. நாவலில் அதைச் செய்வது பாவ். தூதரகப் பகுதிக்குள் நுழைய அதுவே வழி என்று பேரரசரின் குரல் சொல்கிறது. சீனர்களின் கதைகளெல்லாம் இருக்கும் இடத்தைச் சீனாவுக்காக எரிப்பதா என்று மெய்-வென் கேட்கிறாள். நூல்களைக் காப்பாற்ற உள்ளே ஓடுகிறாள், திரும்பவில்லை.

1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் அதில் அழிந்த சுமார் 97,000 நூல்களையும் நினைக்காமல் தமிழ் வாசகர் இந்தப் பக்கங்களைக் கடக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் தீ வைத்தவர்கள் எதிர்த்தரப்பினர். யாங் காட்டுவது அதைவிடச் சங்கடமான காட்சி. தன் இனத்தின் பெயரால் எழுந்த ஒருவன் தன் இனத்தின் நூல்களை எரிக்கிறான். நாடகம் பார்த்து வளர்ந்த சிறுவன், கதைகளாலேயே வீரனானவன், கதைகளின் வீட்டுக்குத் தீ வைக்கிறான். ஐயத்துக்குரிய ஒரு வரலாற்றுக் குற்றத்தைப் பாக்ஸர்கள் மேல் முழுதாகச் சுமத்தியது நியாயமா என்ற கேள்வி இருக்கிறது. வரலாறு தெரியாத இளம் வாசகர் இதை நடந்த உண்மை என்றே எடுத்துக்கொள்வார். ஆயினும் முதல் தொகுதியின் உச்சம் இதுதான். போர்க்காட்சிகள் எதுவும் இதற்கு அருகில் வரவில்லை.

நாவலில் இல்லாதவர்கள்

எட்டு நாட்டுப் படை என்று சொல்லப்பட்டதில் பிரிட்டன் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இந்தியர். ஆகஸ்ட் 14 அன்று முற்றுகையிடப்பட்ட தூதரகப் பகுதிக்குள் முதலில் நுழைந்தவர்களும் இந்தியச் சிப்பாய்களே. மெட்ராஸ் பயனியர்ஸ், மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆகிய படைப்பிரிவுகளும் சீனா சென்றன. அந்த மெட்ராஸ் படையின் தொடக்கம் கடலூர்தான். தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டைக்கு 1748இல் வந்து சேர்ந்த மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், கும்பெனியின் சிதறிய காவலர்களை அங்கேதான் முறையான படையாக ஒழுங்குபடுத்தினார். கடலூர்க் கடற்கரையில் பயிற்சி தொடங்கிய பட்டாளத்தின் வாரிசுகள் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் சீனாவில் நின்றனர்.

ஆகவே இந்நாவலைப் படிக்கும் தமிழருக்குப் பாவின் பக்கமா விபியானாவின் பக்கமா என்று தேர்ந்துகொண்டு நிம்மதியடையும் வசதி இல்லை. மூன்றாவது பக்கமும் அவருடையது. ஏழாவது ராஜ்புத் படைப்பிரிவின் கதாதர் சிங் சீன அனுபவங்களை 1902இல் 'சீன் மேம் தேரஹ் மாஸ்' என்று இந்தியில் நூலாக எழுதினார். படைகளின் கொள்ளையையும் கொடுமையையும் கண்டு வெட்கினார், சீனர்களைத் தம்மைப் போன்றவர்களாகவே பார்த்தார். கூலிக்குச் சுட வந்தவனின் கண் அது. யாங்கின் நாவலில் அந்தக் கண் இல்லை. அயலாரின் பேச்சைப் புரியாத கிறுக்கல் எழுத்துகளாக வரைந்து பாவின் காதுக்கு அது எப்படிக் கேட்டது என்று காட்டுவது யாங்கின் நல்ல உத்திகளில் ஒன்று. அந்தக் கிறுக்கலுக்குள் தமிழும் இருந்திருக்கும்.

சீனக் கிளர்ச்சியாளர்களைத் தமிழ் எழுத்து முன்பே கவனித்திருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1907இல் கொல்லப்பட்ட புரட்சிப் பெண் சியூ சீனைப் பற்றிப் பாரதியார் கட்டுரை எழுதியுள்ளார். அவரே 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியேறியபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார்.

வாசிப்பு முறை

தமிழில் சித்திரக் கதை வாசிப்பு முத்து காமிக்ஸ் (1972), லயன் காமிக்ஸ் (1984) ஆகியவற்றால் வளர்ந்தது. அந்த வாசகர்களுக்கு யாங்கின் கோடுகள் மிக எளியனவாகத் தோன்றலாம். முகங்கள் வட்டமானவை, பின்னணி குறைவு, இரத்தம்கூடத் தட்டையான சிவப்பு. அந்த எளிமையால்தான் கொலைகள் சிறுவர் கதையின் தொனியிலேயே நடந்துவிடுகின்றன, வாசகர் ஒரு பக்கம் தாண்டிய பிறகே அதிர்கிறார். நூல் 2013ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலில் இளையோர் பிரிவில் இடம்பெற்றது.

'பாக்ஸர்ஸ்' தொகுதியை முதலில் படிப்பது நல்லது. அது முடியும்போது பாவ் பீகிங்கில் குண்டடிபட்டுக் கிடக்கிறான், கதை முடிந்துவிட்டது என்றே தோன்றும். அவனுக்கு என்ன ஆயிற்று என்பது 'செயின்ட்ஸ்' தொகுதியின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. பிணங்களுக்கிடையே அவன் உயிரோடு எழுகிறான். பிடிக்க வந்த படைவீரர்களிடம் தான் கிறித்தவன் என்கிறான். அதற்குச் சான்றாக, தான் கொன்ற பெண்ணின் வாயிலிருந்து கேட்ட செபத்தைச் சொல்கிறான். அவர்கள் அவனை விட்டுவிடுகிறார்கள். அவன் அதைப் பிழைக்கச் சொன்னானா, அவளுக்காகச் சொன்னானா என்பதை யாங் எழுதவில்லை. கரிய பேரரசர் அந்தப் பக்கத்தில் இல்லை.